சயன்ஸ் பக்கம் போகோணும் எண்டு உங்களுக்கு ஆசை வந்தது எப்பிடி?

மகள் ஓஎல் சோதனை எழுதிட்டா. வீட்டில எல்லாரும் டொக்டர், எஞ்சினியர் எண்டு நிக்க அவ ஆராய்ச்சிதான் செய்வன் எண்டு அழுறா. அந்தப் பக்கம் போன ஆக்கள் சொல்லுங்களன், எது உங்கள இழுத்தது?

↳ அக்கா, நான் கல்முனை. 2004 டிசம்பர் 26, எனக்கு 11 வயசு. காலம 7 மணிக்குக் கிட்ட சுமாத்திராவில கடலுக்கடியில நிலம் ஆடியிருக்கு, எங்கட கரைக்கு சுனாமி அலை வர ரெண்டு மணித்தியாலம் போல எடுத்திருக்கு, அந்த நேரம் முழுக்க நாங்க முத்தத்தில விளையாடிட்டு இருந்த, ஒருத்தரும் சொல்லல்ல. மறுகா அத வாசிச்ச அண்டைக்கு முடிவெடுத்தன். இப்ப புவியதிர்ச்சிதான் படிக்கிறன்.

↳ எனக்கு மட்டக்களப்பு வாவியில இருக்கிற கல்லடிப் பாலம். பறுவ நிலவண்டைக்கு அப்பா தோணியில கூட்டிப்போய் துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனிய காதுல வைக்கச் சொன்னார். வீணைக் கம்பி அதிர்ற மாதிரி ஒரு சத்தம், மேல கேக்கவே கேக்காது. சத்தம் போடுறது மீனா, ஊரி நத்தையா எண்டு கேட்டுக் கேட்டே வந்தாறுமூலை கெம்பஸில விலங்கியல் எடுத்தன்.

↳ காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகளும் விஞ்ஞானம் படிச்சவர்தான் அக்கா, பழந்தமிழ் இசையப் பற்றி அவர் எழுதி 1947ல வந்த யாழ் நூலத் திறந்தா சுருதிக் கணக்குத்தான். புள்ளைய ஏஎல்லுக்கு அவ விரும்பினத எடுக்க விடுங்க.