சிறு படகுகளுக்கான ரேடியோ அட்டை: 'டிஸ்ட்ரஸ் கால்' தமிழில் என்ன?

காரைக்குடியிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

தொண்டிப் பக்கம் நாட்டுப்படகும் வத்தையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடக்கப்போகிறது. வி.எச்.எஃப் ரேடியோ செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க ஒரு பக்க அட்டை வேண்டுமாம். தமிழாக்கம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

என் கைக்கு வந்த வரைவு இயந்திரத்தில் போட்டு எடுத்தது. அதில், உயிருக்கு ஆபத்து என்று ரேடியோவில் கூப்பிடும் 'மேடே' என்ற சொல் வரும் இடமெல்லாம் 'மே தின அழைப்பு' என்று இருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் ஒருவர் பார்க்க வேண்டிய அட்டை இது. படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

எனக்கு வேண்டியவை: டிஸ்ட்ரஸ் கால், அர்ஜென்ஸி, சேஃப்டி, மேடே ரிலே (வேறு படகின் மேடேயை வாங்கி அடுத்தவருக்குச் சொல்வது). இந்த நான்குக்கும் சொல் தந்து உதவுங்கள்.

தேவகோட்டையிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, முதல் சொல்லுக்கு வெளியே போக வேண்டியதில்லை. 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு' (குறள் 788). ஆடை நழுவும் கணத்தில் கை தானே ஓடுகிறது, யாரும் சொல்லி ஓடவில்லை. கடலில் ஒரு படகு கூப்பிட்டால் இன்னொரு படகு ஓட வேண்டியதும் அப்படித்தான். ஆகவே இடுக்கண் விளி. விளி என்றால் கூப்பிடுதல். எட்டாம் வேற்றுமைக்கே அதுதான் பெயர்.

'ஆபத்து', 'அபயம்' இரண்டும் வடசொல். கையில் நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது அவற்றை எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. மேடே என்பதை மூன்று முறை சொல்ல வேண்டும் என்று அறிகிறேன். 'விரைசொல் அடுக்கே மூன்றுவரம் பாகும்' என்பது தொல்காப்பியம், எச்சவியல். பாம்பு பாம்பு பாம்பு, தீ தீ தீ என்று பதறிச் சொல்வது மூன்றோடு நிற்கும் என்று நம் இலக்கணம் வரையறுத்துவிட்டது. அட்டையில் அந்த நூற்பாவையும் சிறிய எழுத்தில் போடலாம்.

பள்ளத்தூரிலிருந்து, செவ்வாய் பகல்

நான் வணிகக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 'மேடே'வை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். அந்த வழியில் போகும் கப்பலில் கேட்பவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், உக்ரைன்காரராக இருக்கலாம். அவர் காது அந்த ஒரு சொல்லுக்குத்தான் பழகியிருக்கும். 1920களின் தொடக்கத்தில் லண்டனுக்குப் பக்கத்துக் குராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ பார்த்த மாக்ஃபோர்டு என்பவர் கொடுத்த சொல் அது. அங்கிருந்து பாரிசுக்குத்தான் போக்குவரத்து அதிகம் என்பதால், 'எனக்கு உதவு' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் ஓசையை எடுத்துக்கொண்டார். 1927இல் வாஷிங்டன் மாநாட்டில் உலகம் முழுவதற்கும் ஆனது. 'பான்-பான்' வந்ததும் பிரெஞ்சிலிருந்துதான். பழுது என்று பொருள்.

தமிழாக வேண்டியது, எப்போது எதைச் சொல்வது என்ற விளக்கம். அதில்தான் தப்பு நடக்கிறது. படகு மூழ்குகிறது, தீப்பிடித்துவிட்டது, ஆள் உயிருக்குப் போராடுகிறார், உடனே உதவி வேண்டும் என்றால் மேடே. எஞ்சின் நின்றுவிட்டது, உதவி வேண்டும், ஆனால் இந்த நிமிடம் உயிருக்குக் கேடில்லை என்றால் பான்-பான். மிதக்கும் மரக்கட்டையையோ வரும் காற்றையோ மற்றவருக்குச் சொல்வது 'செக்யூரிட்டே'. சேஃப்டி என்றதும் 'பாதுகாப்பு' என்று போட்டுவிடாதீர்கள். அது எச்சரிக்கை.

செட்டில் சிவப்புப் பொத்தான் இருந்தால் மூடியைத் திறந்து, ஏற்றுக்கொண்டதாகச் செட் காட்டும் வரை, சுமார் 5 வினாடி, அழுத்திப் பிடிக்க வேண்டும். அது சேனல் 70இல் படகின் ஒன்பது இலக்க எண்ணை அனுப்பும் (நம் நாட்டு எண் 419 என்று தொடங்கும்). ஜி.பி.எஸ் இணைப்பு இருந்தால் இடத்தையும் சேர்த்து அனுப்பும். அப்புறம் சேனல் 16இல் வாயால் சொல்ல வேண்டும். கையடக்கச் செட் பெரும்பாலும் 5 வாட்தான், சில கடல் மைல் போனால் அதிகம். அதனால் பக்கத்துப் படகு கேட்பதுதான் முதல் நம்பிக்கை.

தொண்டியிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். நான் படித்துவிட்டு வாத்தியாராகிவிட்டேன். அண்ணன் இன்றும் கடலுக்குப் போகிறார்.

சில வருடத்துக்கு முன் கொண்டல் காற்றில் அவர் வத்தையில் தண்ணீர் ஏறிவிட்டது. செட்டை எடுத்து "ஆபத்து ஆபத்து, தண்ணி ஏறுது, வாங்க" என்று கத்தியிருக்கிறார். நான்கு படகு கேட்டிருக்கிறது. எங்கே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார், பேசும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு. பொத்தானை விட்டால்தானே அடுத்தவர் கேட்கும் கேள்வி காதில் விழும்? கடைசியில் ஒரு விசைப்படகு தற்செயலாக அந்தப் பக்கம் வந்து ஐந்து பேரையும் ஏற்றியது.

அதனால் எனக்குச் சொல்லைவிட அட்டையின் வரிசைதான் பெரிது. இருந்தாலும் சொல்கிறேன்: பயத்தில் அண்ணன் வாயில் வந்தது ஆபத்து. இடுக்கண் என்று அட்டையில் போட்டால் எங்கள் ஆட்கள் 'இடுக்கு' என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மேலே போய்விடுவார்கள்.

கோட்டையூரிலிருந்து, புதன் காலை

நான் பள்ளி ஆசிரியை. பள்ளத்தூர் அண்ணன் சொன்ன மூன்று படியையும் 'ஆபத்து, அவசரம், எச்சரிக்கை' என்று வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் 'அவசர சிகிச்சை' என்று எழுதியிருக்கிறது, 108ஐ அவசர ஊர்தி என்கிறோம். 'அவசரம்' என்று கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். மூழ்குகிறவர் பான்-பான் என்று கூப்பிட்டுவிடக் கூடாதே. இரண்டாம் படிக்கு உதவி அழைப்பு என்று வைத்தால் குழப்பம் இராது.

'ஆபத்தழைப்பு' என்று சேர்த்து எழுத வேண்டும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன், பிரித்தே எழுதுங்கள். ஆடுகிற படகில், நனைந்த அட்டையில், அரைகுறை வெளிச்சத்தில் படிப்பவருக்குப் புணர்ச்சி வேண்டாம்.

பேச்சு வந்ததால் ஒன்று. பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நகரத்தார் ஊர்களில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோம். கப்பல் உடைந்து கடலில் தவித்த கோவலனின் முன்னோன் ஒருவனை மணிமேகலா தெய்வம் கரை சேர்த்தது. அந்த நன்றியில்தான் மகளுக்கு மணிமேகலை என்று பேர் வைத்தார்கள். கடலில் கூப்பிட்டால் ஒரு காது இருக்கும் என்ற நம்பிக்கை நமக்கு அவ்வளவு பழையது.

தேவகோட்டையிலிருந்து, புதன் மாலை

தொண்டித் தம்பி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஐந்து பேரும் கரை சேர்ந்தது தெய்வச் செயல்.

இடுக்கண் கடினம் என்றால் இடர் அழைப்பு என்று வையுங்கள். பேரிடர் மேலாண்மை என்று அரசே எழுதுவதால் இடர் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆபத்துக்கு அவ்வளவு எளிதில் இடம் விட மாட்டேன்.

மேடேயை அப்படியே வைப்பதில் எனக்குத் தடையில்லை. மேடு என்ற குற்றியலுகரச் சொல் ஏகாரம் பெற்று விளியானால் 'மேடே' தான். நீரில் தத்தளிப்பவன் நிலத்தைக் கூவி அழைப்பதாகவே என் காதில் விழுகிறது.

ஆனால் ரிலேயை யாரும் தொடவே இல்லை. அதற்கு அஞ்சல். ஈழத்தில் ரிலே ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்கிறார்கள். வானொலியில் வேறு நிலையத்து நிகழ்ச்சியை வாங்கித் தருவதை அஞ்சல் செய்தல் என்றே சொல்லி வந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அஞ்சு என்னும் வினையடி எதிர்மறையாகும்போது 'அஞ்சல்' என்றால் அஞ்சாதே. கோயிலில் அபய முத்திரை என்கிறோமே, அந்தக் கை சொல்வது அதுதான். அபயம் என்பதன் நேர்த்தமிழ் அஞ்சல். ஒரு படகின் குரலை வாங்கி அடுத்த படகுக்குத் தருபவன், தந்துகொண்டே 'அஞ்சாதே' என்கிறான். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இப்படி அமைவது அரிது, விட்டுவிடாதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து, புதன் இரவு

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் 'மேடே அஞ்சல்' என்றால் தபால் நினைவுதான் வரும்.

மேடே ரிலே என்ற சொல்லையும் வாயில் அப்படியேதான் சொல்ல வேண்டும். மேடே கேட்கிறது, கரையிலிருந்தோ வேறு கப்பலிலிருந்தோ யாரும் பதில் சொல்லவில்லை என்றால், 'மேடே ரிலே' என்று மூன்று முறை சொல்லி, உங்கள் படகுப் பேரையும், ஆபத்தில் இருக்கும் படகின் விவரத்தையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு சொல் விட்டுப்போனது. மீட்பு நடக்கும்போது சேனலில் மற்றவர்கள் பேசாமல் இருக்க 'சீலோன்ஸ் மேடே' என்பார்கள், பிரெஞ்சு உச்சரிப்பில். பாக் நீரிணையில் அதைக் கேட்பவர் சிலோன் என்றுதான் எடுத்துக்கொள்வார். 'இதைக் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள்' என்று அட்டையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

தொண்டியிலிருந்து, வியாழன் காலை

நேற்று ராத்திரி காரைக்குடி அக்காவின் அட்டை வரைவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'அஞ்சல்' என்றதும் "தபாலா?" என்றுதான் கேட்டார். ஐயா சொன்ன பொருளை விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல வார்த்தை, ஆனா எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார்.

அவர் தடுக்கியது வேறு இடத்தில். 'உங்கள் நிலையைச் சொல்லவும்' என்று இருந்தது. நிலை என்றதும் "தண்ணி ஏறுது" என்று ஆரம்பித்துவிட்டார். அண்ணன் செய்த அதே தப்பு. 'இருக்கும் இடம்' என்று மாற்றுங்கள் அக்கா.

காரைக்குடியிலிருந்து, வெள்ளி காலை

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ஆபத்து அழைப்புக்கு ஏழு பேர், இடர் அழைப்புக்கு மூன்று பேர். தேவகோட்டை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். போனது இது:

*ஆபத்து அழைப்பு. சேனல் 16. பொத்தானை அழுத்திக்கொண்டு சொல்லுங்கள்:*
*மேடே, மேடே, மேடே.*
*இது (படகுப் பேர் மூன்று முறை), பதிவு எண்.*
*மேடே, (படகுப் பேர் ஒரு முறை).*
*இருக்கும் இடம்: ஜி.பி.எஸ் எண், அல்லது எந்த ஊருக்கு எந்தத் திசையில் எத்தனை கடல் மைல்.*
*என்ன ஆபத்து. என்ன உதவி வேண்டும். படகில் எத்தனை பேர்.*
*ஓவர்.*
*பொத்தானை விட்டுவிட்டுக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மறுபடி சொல்லுங்கள்.*

கீழே, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் உதவி அழைப்பு, பான்-பான் மூன்று முறை. அதற்கும் கீழே எச்சரிக்கை. செல்பேசி எடுக்கும் தூரமென்றால் கடலோரக் காவல்படையின் 1554. ரிலேக்குச் சொல் வைக்கவில்லை. 'வேறு படகின் மேடே கேட்டு, யாரும் பதில் தராவிட்டால், நீங்கள் மேடே ரிலே என்று மூன்று முறை சொல்லி அதை அடுத்தவருக்குச் சொல்லுங்கள்' என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன். நூற்பாவுக்கு இடமில்லை ஐயா.

தேவகோட்டையிலிருந்து, வெள்ளி மாலை

அட்டை நன்றாக இருக்கிறது அம்மா. படிப்பவருக்குப் புரியும்.

ஆபத்து என்பதை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். ரிலேக்கு வாக்கியம் தந்திருக்கிறீர்கள். கலைச்சொல் இன்னும் கிடைக்கவில்லை. தொண்டித் தம்பியின் தகப்பனார் அதை நல்ல வார்த்தை என்றாரே. அடுத்த பயிற்சி எப்போது என்று தெரிந்தால் சொல்லுங்கள். நானே வந்து அவர்களிடம் அஞ்சலைச் சொல்லிப் பார்க்கிறேன்.