எங்கள் கொயர் மாஸ்டரிடம் பாடிய நாள்கள்

ஆல்டோ பாடியவர்:

சேர்ந்து பாடும் குழுவான கொயரில், பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவைப் பாடியவர்களுக்கு மட்டுமே புரியும் ஒரு மனக்குறை உண்டு. மெட்டு பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோவிடம் போய்விடும், அடித்தளம் ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸிடம் இருக்கும், நமக்கோ பாடல் முழுவதும் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றி வரும் வேலைதான் மிஞ்சும். குழுவில் சேர்ந்த புதிதில் இதை மாஸ்டரிடம் சொல்லியே விட்டேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஒத்திகையில் ஆல்டோ பிரிவினரை மட்டும் எதிரே நாற்காலிகளில் உட்காரவைத்துவிட்டு, மற்ற மூன்று பிரிவினரையும் அதே பகுதியைப் பாடச் சொன்னார்.

அந்த இடத்தில் கோர்டின், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின், மூன்றாம் ஸ்வரம் எங்களிடம்தான் இருந்தது. ஒரு கோர்டு மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிப்பதே அந்த ஸ்வரம் என்பதால், நாங்கள் விலகியதும் எஞ்சியது மகிழ்ச்சி என்றோ சோகம் என்றோ சொல்ல முடியாத ஒரு வெற்றுக்கூடு மட்டுமே. பிறகு எங்களை எழுப்பி நிறுத்தி அந்த ஒற்றை ஸ்வரத்தைப் பாடவைத்தார். பியானோவில் கேட்பதைவிட அதைச் சற்றே தாழ்த்திப் பிடிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். பியானோவின் மேஜர் மூன்றாம் ஸ்வரம் இயற்கையான விகிதத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட், அதாவது அரைச் சுரத்தின் நூறு பங்கில் 14 பங்கு, உயர்ந்திருக்கும் என்ற கணக்கை அவர் வெகுநாள் கழித்துத்தான் விளக்கினார். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கோர்டு திடீரென்று அதிர்வு அடங்கி ஒரே பொருளாக இறுகி நின்றது என்பதுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், எந்தக் குழு பாடினாலும் என் காது முதலில் ஆல்டோவைத்தான் தேடுகிறது.

பேஸ் பாடியவர்:

நான் மூச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீண்ட ஸ்வரங்களில் நாங்கள் எல்லோரும் பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடியும் இடத்தில் ஒன்றாக மூச்சு வாங்குவோம். ஓசையில் ஒரு பள்ளம் விழும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்கக் கூடாது, சொல்லின் நடுவில் வேண்டுமானாலும் ஓசைப்படாமல் நிறுத்தி, முன்பைவிட மெல்லிய குரலில் மீண்டும் நுழையுங்கள் என்பது அவர் விதி. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த விதிக்கு, நாள் முழுவதும் பக்கத்தில் நிற்பவரின் தோளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் இடப்பக்கம் நின்றவரின் முகத்தைவிட அவர் மூச்சு விடும் விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

துணைக்கருவி இல்லாமல் பாடும்போது சுருதி மெல்ல இறங்குவது எங்கள் தீராத நோயாக இருந்தது. பாடல் முடிந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து, தட்டினால் சரியான சுருதியை ஒலிக்கும் இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக்கொள்வார். முகத்தைச் சுளிக்காமல் அதை மீண்டும் பையில் போட்டால் பரவாயில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கம் நீட்டினால், அரைச் சுரம் போயே போய்விட்டது.

டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடியவர்:

மேலே இருவர் சொன்னதும் உண்மைதான், ஆனால் அவருடைய கைகளை யாரும் சொல்லவில்லையே! நாங்கள் உரக்கப் பாடப் பாட அவர் கை அசைவு சிறிதாகிக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு விரல்கள் மட்டுமே அசையும். அந்த விரல்களைப் பார்ப்பதற்காகவே நாங்கள் குரலைத் தணித்துக்கொண்டோம்.

ஒரு நிகழ்ச்சியில் மோட்சார்ட்டின் 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் தேவாலயப் பாடலைப் பாடினோம். 1791 ஜூனில், தான் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, பாடன் என்ற ஊரில் கொயர் நடத்திவந்த தன் நண்பர் அன்டோன் ஷ்டோலுக்காக மோட்சார்ட் எழுதிய இந்தப் படைப்பு மொத்தமே 46 பார்கள்தான். தாழ்ந்த குரலில் பாடுக என்பதற்கு மேல் ஒலியளவைப் பற்றி அவர் எதையும் குறிக்கவில்லை என்பதால், மற்றதையெல்லாம் இயக்குபவரின் கையைப் பார்த்தே அறிய வேண்டும். கடைசிப் பகுதியில் பெண் குரல்கள் முதலில் புகும், ஆண் குரல்கள் பின்தொடர வேண்டும். நான் சோப்ரானோவோடு சேர்ந்தே புகுந்துவிட்டேன். அவ்வளவு மெல்லிய இசையில் ஒற்றை டெனர் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் மெதுவாகக் கவிழ்த்தார், நான் நின்றேன், உரிய இடத்தில் அதே கை மேலெழுந்து என்னையும் மற்றவர்களோடு உள்ளே அழைத்துக்கொண்டது.

அடுத்த ஒத்திகையில் அவர் எல்லோரிடமும், "அந்த இடத்தில் என் கை தெளிவாக இல்லை, மன்னியுங்கள்" என்றார். அது உண்மையல்ல. நான்தான் எண்ணவில்லை. இப்போது வேறொரு குழுவில் பாடும்போதும் ஓய்வு பார்களைத் தொடையில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் இளைஞர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.