புதுப்பிப்பு: ‘புயலிலே ஒரு தோணி’ முடித்துவிட்டேன்

இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நான் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைத் தொடங்கியிருப்பதாகவும், மலாய், டச்சுப் பெயர்களில் வழி தவறுவதாகவும் எழுதியிருந்தேன். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஒருவர். அதெல்லாம் வேண்டாம், ஓசைக்காகவே படித்துக்கொண்டு போங்கள் என்றார் இன்னொருவர்.

ஓசைதான் என்னைக் கரை சேர்த்தது. கதாநாயகன் பாண்டியன் தொங்கான் என்கிற மரக்கலத்தில் பினாங்குக்குப் போகும்போது புயல் அடிக்கும் பகுதியை வாய்விட்டே படித்தேன். வினைச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, மூச்சுவிட இடமில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் சுமத்ரா தீவின் மெடான் நகரில் நிற்கிறவனுக்கு மதுரைத் தெருக்கள் ஞாபகத்தில் ஓடுவதும் அப்படித்தான். சிங்காரமே மெடானில் வேலை பார்த்தவர். கடைத்தெருவும் வட்டிக்கடைப் பேச்சும் அவ்வளவு நெருக்கமாக வருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குடித்துவிட்டு நண்பர்கள் பேசும் பக்கங்கள் இழுவை என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழம்பெருமையை அவர்கள் அங்கே போட்டுக் கிழிப்பதுபோல வேறெங்கும் நான் படித்ததில்லை. 1972-இல் வந்த நாவல் இது! அந்தப் பக்கங்களை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.

அப்புறம், அடுத்து அவருடைய முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’. இரண்டையும் படித்தவர்கள், அது இதற்கு இணையாக நிற்குமா என்று சொல்லுங்கள். கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.