ஈடாக்கோவின் தலைக்குள் முட்டை எந்த மாதத்தில் இருக்கும்?

கேள்வி:
வணக்கம். நான் ஒசாகாவில் வசிக்கிறேன். ஈடாக்கோ என்னும் சிறு ஆக்டோபஸின் தலைக்குள் சோற்றுப் பருக்கை போல முட்டைகள் நிறைந்திருக்கும் என்று அண்டை வீட்டு அம்மையார் சொன்னதால், சென்ற நவம்பரில் பத்துப் பன்னிரண்டு வாங்கி, சோயா சாற்றில் அரை மணி நேரம் வேகவைத்தேன். ஒன்றில்கூட முட்டை இல்லை; கால்களும் ரப்பர் போல இறுகிவிட்டன. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
மாதம்தான் காரணம். பழைய ஜப்பானியத்தில் ‘ஈ’ என்றால் சோறு, ‘தாக்கோ’ என்றால் ஆக்டோபஸ்; இரண்டும் சேரும்போது ‘தா’ ‘டா’வாக ஒலிக்கிறது. அந்தப் பெயருக்குப் பொருத்தமான பெண் ஈடாக்கோ, குளிர்காலத்தின் பிற்பகுதி முதல் வசந்தத் தொடக்கம் வரை, அதாவது ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் கிடைக்கும். நாம் தலை என்று சொல்வது உண்மையில் அதன் உடல். முட்டைப்பை அதற்குள் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் கிடைப்பவை அவ்வாண்டு பிறந்த இளம் உயிர்கள். அவற்றின் கால்கள் மென்மையானவை என்பதால், அவற்றைக் குறைவாக மதிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஜப்பானின் மேற்குப் பகுதியில் உள்ள செத்தோ உள்கடலில் இதைப் பிடிக்கும் பழைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. முட்டையிட ஒதுக்கிடம் தேடும் பெண் ஈடாக்கோ வெற்றுச் சிப்பிகளுக்குள் புகுந்துகொள்ளும் என்பதை அறிந்த மீனவர்கள், நீண்ட கயிற்றில் சிப்பிகளையும் சங்கு ஓடுகளையும் வரிசையாகக் கட்டிக் கடலடியில் இறக்கி, சில நாட்கள் கழித்து இழுத்தெடுப்பார்கள். முட்டைகளைக் காத்து அவை பொரிந்ததும் தாய் இறந்துவிடும்; அதன் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டுதான்.

மறுமொழி 2:
கால்கள் இறுகியது சமைத்த முறையால். உப்பிட்டுப் பிசைந்து வழவழப்பைக் கழுவி, மைப்பையையும் குடலையும் கண்களையும் அலகையும் நீக்கி, முட்டைப்பையை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டு, தலையின் வாயைப் பல்குத்தும் குச்சியால் தைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேகும்போது முட்டை வெளியே பிதுங்கிவிடும். பிறகு தலையையும் கால்களையும் தனித்தனியே வெட்டுங்கள். சோயா சாறு, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சாக்கே என்னும் அரிசி மது, சிறிது சர்க்கரை சேர்ந்த கொதிநீரில் கால்களை இரண்டு மூன்று நிமிடங்களில் எடுத்துவிட்டு, தலையை மட்டும் பத்து நிமிடங்கள் வேகவிடுங்கள். முட்டை நடுவரை வெந்து, பருக்கை பருக்கையாக, மாவுப் பதத்தில் இருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிப்ரவரியில் மீண்டும் முயல்கிறேன். கடற்கரைப் பாறைகளில் நானே பிடிக்கலாமா?

மறுமொழி 1:
அடையாளம் உறுதியாகத் தெரியாமல் கையால் தொடவே வேண்டாம். ஈடாக்கோவின் கண்களுக்குக் கீழே, கால்கள் தொடங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொன்னிற வளையங்கள் மட்டுமே இருக்கும். உடலெங்கும் நீல வளையங்கள் தெரிந்தால் அது ஹியோமோன்டாக்கோ என்னும் நஞ்சுள்ள நீல வளைய ஆக்டோபஸ். பஃபர் மீனில் உள்ள அதே நஞ்சு அதன் கடியில் உண்டு, சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. முதல் முறை மீன் கடையிலேயே வாங்குங்கள்; முட்டை உள்ளதா என்று கேட்டால் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள்.