ஒரே வீட்டுப்பெயர் கொண்ட குடும்பங்களை நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் தேடுவது எப்படி? (ராயக்கோட்டை, பாலக்கோடு பகுதி)

பாலக்கோட்டுப் பேத்தி:

பெரியவர்களுக்கு வணக்கம். எங்களுடையது தெலுங்கு பேசும் குடும்பம். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து பாலக்கோட்டுக்கு வந்து, நிலம் வாங்கிக் குடியேறியவர் என் பாட்டனார். எங்கள் வீட்டுப்பெயர் கொத்தப்பள்ளி. கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் இந்தப் பெயர் எழுதப்படுவதில்லை. பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டுமே இருக்கிறது.

அண்மையில் ஓசூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள். அவர்களும் கொத்தப்பள்ளி வீட்டார் என்று தெரிந்ததும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. குப்பத்திலும் கோலாரிலும் இதே வீட்டுப்பெயர் கொண்டவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும் எங்கள் பங்காளிகள்தானா, அல்லது பெயர் மட்டும் ஒன்றா என்பதை ஆவணங்களைக் கொண்டு அறிய முடியுமா? மாவட்ட மைய நூலகத்தில் சேலம் ஜில்லாவைப் பற்றிய பழைய நூல்களைப் புரட்டினேன்; பாளையக்காரர்களும் மிட்டாதார்களும் (ஜமீன்தார் போன்ற நில உரிமையாளர்கள்) வருகிறார்கள், எங்களைப் போன்ற குடியானவர்கள் வரவில்லை. பாட்டனாரின் சிற்றப்பா ஒருவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார் என்றும் வீட்டில் சொல்வார்கள். அந்தக் கிளையையும் தேட விரும்புகிறேன். வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஏடு:

அம்மா, முதலில் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு ஊரைப் பிடியுங்கள். கொத்தப்பள்ளி என்பது ஊரை ஒட்டி வந்த வீட்டுப்பெயர். தெலுங்கு வழங்கும் நாட்டில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. வெவ்வேறு கொத்தப்பள்ளியிலிருந்து வெவ்வேறு காலத்தில் புறப்பட்ட, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத குடும்பங்கள்கூடப் போன இடத்தில் அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே பெயர் ஒன்றாக இருப்பது தேடலுக்கு ஒரு தொடக்கமே தவிர உறவுக்குச் சான்று ஆகாது.

உங்கள் கையில் இருக்கும் மிகச் சிறந்த துப்பு பாட்டனார் பாலக்கோட்டில் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம். பழைய பத்திரங்களின் முதல் சில வரிகளைக் கவனமாகப் படியுங்கள்: 'சேலம் ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதி வாங்குபவரின் தகப்பனார் பெயரும் இருப்பிடமும் அதில் வந்துவிடும். அவர் ஊரை விட்டு வந்த புதிதில் வாங்கியிருந்தால் பழைய ஊரே அங்கே எழுதப்பட்டிருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது உறவினராக இருக்க வாய்ப்பு அதிகம். பத்திரம் தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் அனைவரின் பெயர்களுக்கும் ஓர் அட்டவணை, சொத்துகளுக்கு ஓர் அட்டவணை எனத் தனித்தனி அட்டவணைகளைச் சார்பதிவாளர் அலுவலகம் வைத்திருக்க வேண்டும். அசையாச் சொத்து ஆவணங்களுக்கான முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்கிறது 57-ஆம் பிரிவு. எல்லாரும் வில்லங்கம் பார்க்கச் சொத்து அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள். குடும்பம் தேடுபவருக்கு உதவுவது பெயர் அட்டவணைதான். வீட்டுப்பெயரைக் கொண்டு மட்டும் தேடாமல் பாட்டனார் பெயர், அவருடைய தகப்பனார் பெயர் ஆகியவற்றைக் கொண்டும் பாருங்கள்.

ஊர் தெரிந்த பிறகு அந்தக் கிராமத்தின் பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டின் நகலுக்கு மனுச் செய்யுங்கள். புல எண் (சர்வே நம்பர்) வாரியாகப் பட்டாதாரர் பெயர் இருக்கும். பங்காளிகளின் நிலம் பெரும்பாலும் அடுத்தடுத்த உட்பிரிவுகளாகக் கிடக்கும் என்பதால், பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாகப்பிரிவினை எங்கே நடந்தது என்று ஓரளவு புலப்படும்.

எந்த அட்டவணையில் தேடினாலும் ஆண்டு எல்லையை நினைவில் வையுங்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். 1965-க்கு முந்தைய தாள்கள் அனைத்தும் சேலம் ஜில்லாவின் கீழேதான் அடுக்கப்பட்டிருக்கும்.

ஓசூர் வாசகர்:

பழைய ஏடு ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டுப்பெயரை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டாம். நம் பகுதியில் அது முதலெழுத்துக்குள் ஒளிந்து கொண்டிருப்பதுண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியையே பாருங்கள். சி. ராஜகோபாலாச்சாரி என்பதிலுள்ள 'சி' சக்கரவர்த்தி என்ற குடும்பப் பெயர். அவருடைய தகப்பனார் பெயர் வெங்கடார்ய ஐயங்கார். கிருஷ்ணகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த அவருடைய மகன் சி.ஆர். நரசிம்மனின் பெயரிலும் அதே 'சி' முன்னால் நிற்கிறது. அடுத்து வரும் 'ஆர்'தான் தகப்பனாரைக் குறிக்கிறது. எனவே உங்கள் முன்னோர் பெயரில் இரண்டு முதலெழுத்துகள் இருந்தால், முதலாவது 'கே' அல்லது 'கொ' ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்து வேறுபாடும் உண்டு. கன்னடம் எழுதிய கணக்கர் கொத்தஹள்ளி என்று எழுதியிருக்கலாம். ஆங்கிலப் பட்டியலில் ஒற்றை 't'யோடும் இரட்டை 't'யோடும் வரலாம். குப்பம் இன்று ஆந்திரத்தில் இருந்தாலும், 1911-இல் சித்தூர் ஜில்லா அமைவதற்கு முன் அது வடஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. கோலார் மைசூர் சமஸ்தானம் என்பதால் அதன் தாள்களைப் பெங்களூரிலுள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில்தான் கேட்க வேண்டும்.

முன்னோருக்கு இனாம் நிலம் (மானியமாக விடப்பட்ட நிலம்) இருந்ததாக ஒரு சொல் காதில் விழுந்திருந்தால், அதுதான் பெரிய புதையல். 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் 1860-களில் ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் இனாம் பெற்றவர் யார், விசாரணை நடந்தபோது அனுபவித்தவர் யார், அவருக்கு என்ன வயது, எங்கே குடியிருக்கிறார், முன்னவருக்கு அவர் என்ன உறவு என்று தனித்தனிக் கட்டங்களில் எழுதியிருப்பார்கள். ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைப்பதுண்டு. பசலி ஆண்டு (வருவாய்க் கணக்கு ஆண்டு) வந்தால், ஆங்கில ஆண்டை அறிய 590 கூட்டிக் கொள்ளுங்கள். கோயில் பூசாரி, ஊர் ஊழியக்காரர் முதலியோரும் சிறு இனாம்கள் பெற்றிருந்தார்கள்; ஆகையால் பெரிய குடும்பங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

கடல்கடந்த கிளை:

நேட்டாலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். சேலம் ஜில்லாக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதப்பட்டிருக்கும். இந்தப் பட்டியல்கள் டர்பனில் பாதுகாக்கப்படுகின்றன. பெயர்த்தெழுதிய வடிவத்தில் இணையத்திலும் கிடைக்கின்றன.

அவற்றில் கொத்தப்பள்ளி என்று தேடாதீர்கள். வீட்டுப்பெயருக்கு அங்கே கட்டமே இல்லை. சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி அல்லது ஓசூர் தாலுகா என்று பிரித்து, கிராமப் பெயரும் தகப்பனார் பெயரும் சேர்ந்து பொருந்துகிற வரியைத் தேடுங்கள். எழுதியவர் காதில் விழுந்தபடியே ஆங்கிலத்தில் எழுதியிருப்பார் என்பதால், கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. அங்கே நிலைத்துவிட்ட குடும்பங்களில், வந்தவரின் தனிப்பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக மாறியிருப்பது வழக்கம். உங்கள் பாட்டனாருடைய சிற்றப்பாவின் சந்ததியார் இன்று கொத்தப்பள்ளி என்ற பெயரையே அறியாமல் இருக்கலாம். அவருடைய சொந்தப் பெயரைத்தான் தாங்கியிருப்பார்கள்.

பாலக்கோட்டுப் பேத்தி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்திரம் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. கேட்டு வாங்கிப் படிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஊர் தெரிந்து, இரு குடும்பத்துக்கும் வெவ்வேறு ஊர் என்றும் வந்துவிட்டால், அதைக் கொண்டு பங்காளிகள் இல்லை என்று முடிவு கட்டலாமா?

பழைய ஏடு:

அதைக் கொண்டு மட்டும் முடிவு கட்ட வேண்டாம், அம்மா. ஒரே குடும்பம் இரண்டு ஊருக்குப் பிரிந்து போயிருக்கவும் கூடும். ஓசூர் வீட்டாரின் பழைய பத்திரத்தையும் கேளுங்கள். இரு பக்கமும் தலைமுறை வரிசையை எழுதி, கோத்திரமும் குலதெய்வக் கோயிலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கோத்திரம் வேறு, குலதெய்வம் வேறு, ஆவணத்தில் எட்டிய வரை ஊரும் வேறு என்றால் பெரியவர்களிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம். கோத்திரமும் கோயிலும் ஒன்றாக இருந்தால், ஆவணம் எங்கே நின்றாலும் பங்காளிகள் என்றே கொள்ளுங்கள். ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றையும் அந்தக் காலத்துப் பெயரிலேயே குறிப்பிடுங்கள், இனாம் டி.டி. எண் (டைட்டில் டீட், அதாவது உரிமைப் பத்திர எண்) கிடைத்தால் அதையும் சேர்த்து எழுதினால் தேடிக் கொடுப்பவர்களுக்கு வேலை எளிதாகும்.