சொந்தத் தொழில், கூடவே சர்க்கரை: எந்த மருத்துவக் காப்பீடு எடுக்கலாம்?

வணக்கம். ஈரோட்டில் வீடுகளுக்கு சோலார், இன்வெர்ட்டர் மாட்டித் தரும் வேலை. கம்பெனியில் இருந்தவரை குரூப் இன்சூரன்ஸ் இருந்தது, போன வருடம் தனியாக வந்ததும் அதுவும் போச்சு. எனக்கு 41, மனைவிக்கு 37, ஒரு பையன், அம்மாவுக்கு 66. எனக்கு மூன்று வருடமாக சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருமான வரம்பு தடுக்கிறது. 70 வயதானால் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை உண்டு, அம்மாவுக்கு அதற்கு இன்னும் நாலு வருடம். ஆக, தனியார் பாலிசிதான்.

வந்த ஏஜென்ட், சர்க்கரையை ஃபார்மில் எழுதவே வேண்டாம் சார் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை, நாளைக்கு கிளெய்ம் போடும்போது பழைய லேப் ரிப்போர்ட் ஒன்று சிக்கினால் கட்டிய பணமும் போய்விடும். எழுதினால் காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காலம்) அதிகபட்சம் மூன்று வருடம்தான், 2024இல் அப்படிக் குறைத்துவிட்டார்கள். கூடுதல் பிரீமியம் கட்டி அதை இன்னும் குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா, பிரீமியம் எவ்வளவு ஏறியது?

இன்னொன்று, ஆஸ்பத்திரி அறை வாடகை வரம்பு. 5 லட்சம் பாலிசியில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு 5,000. அதைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் பீஸ், ஆபரேஷன் செலவு வரை அதே விகிதத்தில் வெட்டுகிறார்களாம். நிஜமாகவே அப்படி வெட்டு வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், அம்மாவை எங்களோடு ஒரே ஃப்ளோட்டரில் (குடும்பத்துக்கே பொதுவான பாலிசி) சேர்த்தால் அவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். தனியாக எடுப்பதுதானே சரி? எங்களுக்கு 5 லட்சமும் மேலே சூப்பர் டாப்அப்பும் (அந்த 5 லட்சத்தைத் தாண்டும் செலவுக்கான கூடுதல் பாலிசி) போதுமா, நேரடியாக 10 லட்சமே எடுத்துவிடலாமா? வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். ஏஜென்ட்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.