சரவணன் மாத்திரையும் பெரியப்பாவின் நிலவேம்பும்

வாட்ஸ்அப் குழு: பென்னாகரத்து வீடு

பெரியப்பா (காலை 6:42): "நிலவேம்பு மலேரியா கிருமியைக் கொல்லும்! ஆய்வகத்தில் நிரூபணம்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்"

பெரியப்பா: பார்த்தீர்களா? சரவணனுக்கு ஜுரம்தான் விட்டுவிட்டதே. இனி மாத்திரை எதற்கு? கொல்லை ஓரமெல்லாம் நிலவேம்பு கிடக்கிறது.

சரவணன்: மாத்திரை போட்டாலே வயிறு எரிகிறது பெரியப்பா.

அத்தை: போர்வெல் லாரியில் சத்தீஸ்கர் போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். யார் கேட்டது?

கவிதா: சரவணா, வெறும் வயிற்றிலா போடுகிறாய்?

சரவணன்: ஆமாம் அக்கா.

கவிதா: அதுதான் எரிகிறது. சாப்பிட்டுவிட்டுப் போடு, நிறுத்தாதே. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ மட்டும் உடனே டாக்டரிடம் ஓடு. 3 நாள் போட்ட குளோரோகுயின் இரத்தத்தில் இருந்ததைத்தான் கொன்றது. உனக்கு வந்தது வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. அந்தக் கிருமியில் கொஞ்சம் ஈரலில் போய்த் தூங்கும், சில மாதம் கழித்து எழுந்து மறுபடி குளிர்ஜுரம் வரும். அந்தத் தூங்குமூஞ்சிகளுக்குத்தான் 14 நாள் பிரைமாகுயின்.

பெரியப்பா: நீ செய்வதே பச்சிலை ஆராய்ச்சிதானே பாப்பா? நீயே இப்படிப் பேசலாமா?

கவிதா: செய்வதால்தான் பேசுகிறேன் பெரியப்பா. செடியை நிழலில் காயவைத்துப் பொடித்து மெத்தனாலில் ஊறவைப்போம். வடிகட்டி வற்றவைத்தால் கரும்பச்சையாக ஒரு பசை நிற்கும். இன்னொரு பக்கம் மனித இரத்தத்தின் சிவப்பணுக்களில் மலேரியா ஒட்டுண்ணியை, அதாவது அந்தக் கிருமியை, 37 டிகிரியில் வளர்ப்போம். 1976-ல் டிரேகரும் ஜென்சனும் கண்டுபிடித்த வழி, மெழுகுவர்த்தி ஜாடி.

சித்தப்பா: மெழுகுவர்த்தியா??

கவிதா: மூடிய ஜாடிக்குள் அது எரிந்து அணையும்போது ஆக்சிஜன் குறையும், கார்பன் டை ஆக்சைடு கூடும். அந்தக் காற்றில்தான் ஒட்டுண்ணி நன்றாக வளரும். அப்புறம் 96 குழி உள்ள தட்டில் பசையைக் குழிக்குக் குழி குறைத்து விட்டு, எந்த அளவில் பாதி ஒட்டுண்ணி அடங்குகிறது என்று பார்ப்போம்.

பெரியப்பா: சரி, நிலவேம்புக்கு அடங்குகிறதா இல்லையா?

கவிதா: தட்டில் அடங்குகிறது. ஆனால் பினாயில் ஊற்றினாலும்தான் அடங்கும்! அதனால் நம் உடம்புச் செல்லைக் கெடுக்காமல் ஒட்டுண்ணியை மட்டும் கொல்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வேப்பமரத்தில் கெடுனின் என்று ஒரு சத்து. தட்டில் ஜோராக வேலை செய்தது, எலிக்குக் கொடுத்தபோது சரியாக எடுபடவில்லை. இன்னொன்று, அந்தத் தட்டுகளில் வளர்வது ஃபால்சிபாரம் என்ற வேறு வகை மலேரியாக் கிருமி. வைவாக்ஸை அப்படித் தொடர்ந்து வளர்க்கவே இன்னும் வழி கிடைக்கவில்லை. உங்கள் ஃபார்வர்டு சரவணனுக்கு வந்த கிருமியைப் பற்றியதே இல்லை.

அத்தை: அப்போ பச்சிலையெல்லாம் வீணா கண்ணு?

கவிதா: ஐயோ இல்லை அத்தை. மலேரியா மருந்தான குயினைனே சின்கோனா மரப்பட்டையில் வந்ததுதான், 1820-ல் பிரித்தெடுத்தார்கள். நீலகிரியில் அதற்குத் தோட்டமே போட்டிருந்தார்கள். சீனாவில் து யூயூ என்ற அம்மா ஒரு பழைய ஏட்டைப் பார்த்தார். செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது, கொதிக்க வை என்று இல்லை. சூட்டில்தான் சத்து கெடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த சூட்டில் ஈதரால் பிரித்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015-ல் நோபல் பரிசு.

பெரியப்பா: நாம் நிலவேம்பைக் கொதிக்கத்தானே வைக்கிறோம்?

கவிதா: நல்ல கேள்வி பெரியப்பா. கொதித்தது ஒன்று, குளிர்ந்த நீரில் ஊறியது ஒன்று என்று இரண்டையும் தட்டில் வைத்துப் பார்க்கிறேன்.

பெரியப்பா: அப்படியானால் நம் கொல்லைச் செடியையே அனுப்பட்டுமா?

கவிதா: அனுப்புங்கள். பூவோடும் வேரோடும் பிடுங்குங்கள், வெறும் இலையைப் பார்த்து இன்ன செடி என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். செய்தித்தாளில் மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூசணம் பிடித்துவிடும்.

பெரியப்பா: பூக்க நாள் இருக்கிறதே.

கவிதா: காத்திருக்கலாம்.

சரவணன் (காலை 8:15): அக்கா, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டேன். 5-வது நாள்.

அத்தை: இன்னும் 9 இருக்கிறது. அட்டை என் கையில்தான் இருக்கும், தினம் வந்து வாங்கிக்கொள்.